ரோபோகாப் (1987): தொடைக்குள்ளிருந்து வரும் அந்தத் துப்பாக்கி எது?

ரீல்பெட்டி

பால் வெர்ஹோவனின் ரோபோகாப் படத்தில் வரும் துப்பாக்கிகளைக் காட்சிவாரியாகக் குறித்து வருகிறேன். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

முதலாவது, நாயகனின் வலது தொடை திறந்து வெளியே வருகிற ஆட்டோ 9. ஒரு தளத்தில் பெரெட்டா 92 என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் டெசர்ட் ஈகிள். மூன்றாவதாக ஒருவர், அது படத்துக்காக அடியிலிருந்து செய்த டம்மி, உள்ளே நிஜத் துப்பாக்கி எதுவும் கிடையாது என்கிறார். ஸ்லைடின் (சுடும்போது பின்னால் ஓடும் மேல்பாகத்தின்) மேற்புறம் திறந்திருப்பதால் பெரெட்டா வகை என்பது வரைக்கும் நானே வந்துவிட்டேன். ஆனால் முன்பக்கம் இவ்வளவு நீளமாக எந்தப் பெரெட்டாவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, கிளாரன்ஸ் கும்பல் தெருவில் கடைமுகப்புகளைத் தூள் தூளாக்கும் கோப்ரா பீரங்கி. மூன்றாவது, நிர்வாகக் கூட்டத்தில் ஈடி-209 இயந்திரத்துக்கு எதிரே நிற்கவைக்கப்படும் கின்னியின் கையில் இருக்கும் பிஸ்டல்.

கூடவே ஒரு சந்தேகம். ஆட்டோ 9 ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு சுடும் என்கிறார்கள். ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு அழுத்தலுக்கு ஒரு தீச்சுடர் தெரிகிறது, இல்லையென்றால் இரண்டு. மூன்று வரவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் மூன்று குண்டு என்பது ஒலியில் மட்டும் சேர்த்ததா?

ஸ்லைடும் சுத்தியும்

நீங்கள் பாதி தூரம் சரியாக வந்துவிட்டீர்கள். ஆட்டோ 9-இன் உள்ளே இருப்பது நிஜத் துப்பாக்கிதான். ஆனால் 92 அல்ல, அதன் உடன்பிறப்பு பெரெட்டா 93ஆர். ஆர் என்பது ராஃபிக்கா. இத்தாலியனில் தொடர்வெடிப்பு என்று பொருள். 92-ஐ அடிப்படையாக வைத்து 1970-களில் பெரெட்டா உருவாக்கியது. ஒற்றையாகவும் சுடலாம், நெம்புகோலைத் திருப்பினால் ஒரு அழுத்தலுக்கு மூன்றாகவும் சுடலாம்.

இரண்டையும் பிரித்தறிய முகப்பைப் பார்க்காதீர்கள். படக்குழு மாற்றியதே முகப்பைத்தான். மாற்றாமல் விட்ட இடங்களில்தான் அடையாளம் இருக்கும், அதனால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இடதுபுறக் கைப்பிடிக்கு மேலே கட்டைவிரல் படும் இடத்தில் 93ஆர்-க்கு ஒரு நீளமான நெம்புகோல் உண்டு. ஒரு வெள்ளைப் புள்ளி என்றால் ஒற்றை, மூன்று புள்ளி என்றால் மூன்று குண்டு. 92-இல் அந்த இடத்தில் இப்படி ஒன்று கிடையாது. அடுத்து ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையம். 92-இல் அது ஒரு விரலுக்கு மட்டும் அளவானது. 93ஆர்-இல் முன்பக்கம் நீண்டிருக்கும், ஏனென்றால் இடதுகைக் கட்டைவிரலை அதற்குள் கோர்த்து, மற்ற விரல்களால் முன்னால் மடக்கி வைத்திருக்கும் சிறு பிடியைப் பற்றிக்கொள்ளத்தான் அந்த வடிவமே. படத்துக்காக அந்த மடக்குப் பிடியைக் கழற்றிவிட்டார்கள். வளையத்தின் நீளம் அப்படியே தங்கிவிட்டது. சுடும் பயிற்சிக் கூடக் காட்சியில் பக்கவாட்டில் காட்டுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள், வளையம் தனியாகக் கண்ணில் படும்.

மாற்றியவை என்று பார்த்தால், குழலின் முன்னே பெரிய பெட்டி போன்ற நீட்சி ஒன்றை மாட்டி, அதன் பக்கங்களில் வெட்டுகள் போட்டிருக்கிறார்கள். கைப்பிடியைத் தடிமனாக்கியிருக்கிறார்கள். குறிபார்க்கும் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள். இயங்கும் பாகங்கள் பெரெட்டாவுடையவைதான்.

டெசர்ட் ஈகிள் என்று எழுதியவரும் முழுக்கத் தவறில்லை. முதலில் அதைத்தான் ரோபோகாப்பின் கையில் கொடுக்க நினைத்தார்கள். ராப் போட்டின் வடிவமைத்த கவசத்தைப் பீட்டர் வெல்லர் போட்டுக்கொண்டு அதைப் பிடித்தபோது, அவ்வளவு பெரிய பிஸ்டல் பொம்மை மாதிரி சிறுத்துப்போனது. அந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் படத்தில் வருவதே டெசர்ட் ஈகிள் என்று பரப்பிவிட்டார்கள்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். டெசர்ட் ஈகிள் சுமார் 270 மிமீ நீளம். 93ஆர் 240 மிமீ. பெரியது போதவில்லை என்று சொல்லி அதைவிடச் சின்னதை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த முன்நீட்சி அலங்காரம் அல்ல, கட்டாயம். அது இல்லாமல் 93ஆர் அந்தக் கையில் இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

இருபத்துநாலு ஃபிரேம்

தீச்சுடர் விஷயத்துக்கு வருகிறேன். ரீல்பெட்டி, நீங்கள் பார்த்தது சரி. நீங்கள் வந்த முடிவுதான் சரியில்லை.

93ஆர் தொடர்வெடிப்பில் நிமிடத்துக்குச் சுமார் 1,100 குண்டு வேகத்தில் ஓடும். அதாவது இரண்டு வெடிப்புக்கு நடுவே 54.5 மில்லிவிநாடி. படம் ஓடுவது விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 41.7 மில்லிவிநாடி. இந்த 41.7 முழுவதும் கேமராவின் ஷட்டர் திறந்திருப்பதில்லை. வழக்கமான 180 டிகிரி ஷட்டரில் பாதி நேரம், 20.8 மில்லிவிநாடி, திறந்திருக்கும். மீதிப் பாதியில் மூடிக்கொண்டு ஃபிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும். மூடியிருக்கும்போது வெடித்தால் அந்தச் சுடர் ஃபிலிமில் பதியாது. சுடரின் ஆயுளோ சில மில்லிவிநாடிதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். ஷட்டர் திறந்து 5-ஆவது மில்லிவிநாடியில் முதல் குண்டு வெடிக்கிறது, பதிந்துவிட்டது. இரண்டாவது 59.5-இல். அடுத்த ஃபிரேம் 41.7-இல் திறந்து 62.5-இல் மூடுகிறது, அதனால் இதுவும் பதிந்தது. மூன்றாவது 114-இல். மூன்றாம் ஃபிரேம் 83.3-இல் திறந்து 104.2-இல் மூடிவிட்டது. போயிற்று. ஆக, இரண்டு சுடர்.

முதல் குண்டின் நேரத்தை 0-இலிருந்து 41 வரை ஒவ்வொன்றாக நகர்த்திக் கணக்குப் போடுங்கள். இந்த வேகத்துக்கும் இந்த ஷட்டருக்கும் விடை ஒன்று, அல்லது இரண்டு. மூன்றும் விழுகிற தொடக்க நேரம் கிடையாது. மூன்றும் தவறிப்போகிற தொடக்க நேரமும் கிடையாது. உங்கள் கண்ணில் பட்டது அதேதானே? ஒன்று, இல்லையென்றால் இரண்டு. மூன்று குண்டு ஓடியிருக்கிறது என்பதோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

படப்பிடிப்பில் போடும் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவில் வேகம் கொஞ்சம் முன்பின் ஆகலாம், சுடர் சற்று நீண்டு எரிந்தால் மூன்றாவதன் வால் ஒரு ஃபிரேமில் மங்கலாக ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஏதாவது ஒரு இடத்தில் மூன்று கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மெதுவோட்டத்துக்காக 48 ஃபிரேமில் எடுத்த ஷாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத் தனியாகப் போட வேண்டும்.

எண்ண வேண்டுமானால் சுடரை விட்டுவிட்டுக் காலித் தோட்டாவை எண்ணுங்கள். பெரெட்டாவின் ஸ்லைடு மேலே திறந்திருப்பதால் உறைகள் நன்றாக மேலெழும்பித் தெறிக்கும். ஒவ்வொன்றும் காற்றில் பல ஃபிரேம்களுக்குத் தெரியும், ஷட்டர் விழுங்க முடியாது. பின்னணி இருட்டாக இருக்கிற ஷாட்டில் பித்தளையின் மினுக்கை வைத்தே எண்ணிவிடலாம்.

எந்தப் பிரதியில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க டிவிடியிலிருந்து எடுத்த பழைய கோப்பு என்றால், 24-ஐ 30 ஆக்குவதற்காகச் சில ஃபிரேம்களை இரண்டு முறை கலந்திருப்பார்கள். ஒரே சுடர் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் வந்து இரண்டு குண்டு என்று ஏமாற்றும். புளூரே பிரதியில் ஃபிரேம் ஃபிரேமாகப் போங்கள்.

ஒலியை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். படப்பிடிப்பில் பதிந்த வெடிச்சத்தம் படத்தில் வருவது அபூர்வம். எல்லாம் பின்னால் கட்டியது. இந்தப் படத்தின் ஒலி விளைவுத் தொகுப்புக்கு ஸ்டீஃபன் ஃபிளிக், ஜான் பொஸ்பிசில் இருவருக்கும் ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. அவ்வளவு கைவேலை செய்த ஒலியிலிருந்து துப்பாக்கியின் பெயரை எடுக்க முடியாது.

ரீல்பெட்டி

கணக்கை நானே நகர்த்திப் பார்த்தேன், ஒன்று இரண்டைத் தாண்டவில்லை. மிக்க நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். மேகசினில் எத்தனை தோட்டா பிடிக்கும்? அந்த முன்நீட்சி பெரிதாகக் காட்டுவதற்கு மட்டுமா, வேறு வேலையும் இருக்கிறதா? பக்கவாட்டில் தீ பீச்சுகிறதே, அது ஏன் என்று புரியவில்லை.

ஸ்லைடும் சுத்தியும்

93ஆர்-இன் நீண்ட மேகசினில் 20. மூன்று மூன்றாகப் போனால் ஆறு வெடிப்பு முடிந்து இரண்டு மிஞ்சும். படத்தில் அதற்கு மேலும் சுடுகிற இடங்கள் உண்டு. நடுவே வெட்டு வந்தால் மேகசின் மாற்றியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலில் அதைப் பிழையாகக் குறிக்க வேண்டாம்.

நீட்சியைப் பற்றி எனக்கு அடுத்து எழுதுபவர் விளக்குவார். அதற்கு முன்னால் ஒரு இயந்திர விஷயம். பெரும்பாலான பிஸ்டல்களில் சுட்டதும் குழலின் பின்முனை கீழே சாயும், முன்முனை மேலே தூக்கும். அந்த வகைக் குழலின் நுனியில் கனமான ஒன்றை மாட்டினால் சாய்வது தடுமாறி, ஸ்லைடு பாதியில் நிற்கும், காலித் தோட்டா வாசலில் சிக்கும். பெரெட்டா 92 குடும்பத்தில் குழல் சாய்வதில்லை. கீழே ஒரு பூட்டுக்கட்டை இறங்கி, குழலையும் ஸ்லைடையும் பிணைத்திருக்கும் பூட்டைத் திறக்கும். குழல் சில மில்லிமீட்டர் நேராகப் பின்னால் வந்து நிற்கும். ஸ்லைடு மட்டும் முழுத் தூரம் ஓடும். நுனியில் எடை தொங்கினாலும் இந்த அமைப்பு பொறுத்துக்கொள்ளும். கூடவே 93ஆர்-இன் குழல் 156 மிமீ, 92-ஐவிட 31 மிமீ அதிகம். அந்த மிச்சம் ஸ்லைடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே மருந்து எரிந்த வாயு போக வெட்டுகளும் அதில் உண்டு. எதையாவது மாட்ட இடம் தயாராகவே இருக்கிறது.

நெருக்கமான ஷாட்டில் சுடும்போது நிறுத்திப் பாருங்கள். பின்பாதி ஓடும், முன்பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். முழுக்க டம்மி என்று சொன்னவருக்கு இந்த ஒரு ஃபிரேம் போதும்.

வெற்றுத்தோட்டா

தீ பக்கவாட்டில் வருவதற்குக் காரணம் வெற்றுத் தோட்டாதான்.

நிஜத் தோட்டாவில் குண்டு குழலை அடைத்துக்கொண்டு ஓடுகிறது. அது வெளியேறும் வரை உள்ளே அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தின் எதிர்விசைதான் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலியை வெளியேற்றி, அடுத்ததை ஏற்றுகிறது. வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது. மருந்து எரிந்த வாயு திறந்த குழாயில் புகை போவதுபோல் சும்மா போய்விடும். ஸ்லைடு நகராது. ஒரு வெடி வெடித்து அப்படியே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கையால் இழுக்க வேண்டியதுதான்.

அதனால் படத்துக்கான துப்பாக்கியில் குழலின் வாயைக் குறுக்குவார்கள். உள்ளே அடைப்பு, நடுவில் சின்னத் துளை. வாயு தேங்கி அழுத்தம் ஏறும், ஸ்லைடு ஓடும். துளையின் அளவும் தோட்டாவின் மருந்தளவும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராமல் காலி சிக்கும். சிறிதாகிவிட்டால் அழுத்தம் மிஞ்சி ஸ்லைடு பின்னால் மோதும், பாகம் உடையும். மருந்துக்கரி படியப் படியத் துளை இன்னும் சுருங்கும் என்பதால் படப்பிடிப்பில் ஆயுதப் பொறுப்பாளர் அடிக்கடி கழற்றித் துடைப்பார். மூன்று குண்டுத் தொடர்வெடிப்பில் இது இன்னும் நுணுக்கம். மூன்றில் ஒன்று தடுமாறினாலும் தொடர் அறுந்துவிடும்.

வாயைக் குறுக்கினால் இன்னொரு சங்கடம் உண்டு. முன்னால் வரும் சுடர் சிறுத்துப்போகும், கேமராவுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆட்டோ 9-இன் நீட்சியில் பக்கங்களில் வெட்டு போட்டதால் வெற்றுத் தோட்டாவின் தீ அந்த வழியாக வீசுகிறது. நேரெதிரே நிற்கும் கேமராவுக்குச் சுடர் இருபக்கமும் இறக்கை விரித்ததுபோல் தெரியும். ஒரு சாதாரண பிஸ்டலில் இந்தச் சுடர் வராது. திரையில் ஆட்டோ 9-ஐ அதன் தீயை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். உருவத்தைப் பெரிதாக்கியதும் தீயைத் திருப்பியதும் ஒரே பாகம்தான். திரைத் துப்பாக்கி வேலையில் இவ்வளவு சிக்கனமாக யோசித்துச் செய்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதன் விலை, பக்கத்தில் நிற்பவருக்கான ஆபத்து. வழக்கமான துப்பாக்கியில் முன்பக்கம் மட்டும் விலகி நின்றால் போதும். இதில் இருபக்கமும் விலக வேண்டும். வெற்றுத் தோட்டா விளையாட்டல்ல. 1984-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்திய நடிகர் உயிரிழந்தார். குண்டு இல்லை, வாயுவும் தோட்டாவின் அடைப்பும் மோதிய அடிதான் காரணம்.

இன்னொன்று. கும்பல் ஆட்கள் வைத்திருக்கும் பம்ப் ஷாட்கன்களுக்கு இந்த மாற்றம் எதுவும் வேண்டாம். கையால் இழுத்து ஏற்றுபவை, வெற்றுத் தோட்டா போட்டால் அப்படியே ஓடும். ரிவால்வரும் அப்படித்தான். அதனால் படங்களில் ஷாட்கன், ரிவால்வர் இரண்டும் வெளித்தோற்றத்தில் மாறாமல் இருக்கும், அடையாளம் காண்பது சுலபம். தானாக ஏற்றிக்கொள்பவற்றில்தான் குழல் வாயில் ஏதாவது கைவைத்திருப்பார்கள்.

பழைய விளம்பரம்

கோப்ராவுக்கு நான் பதில் சொல்கிறேன். அது பேரட் எம்82ஏ1. டென்னசி மாநிலத்தின் ரோனி பேரட் 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்த .50 காலிபர் (குண்டின் விட்டம் அரை அங்குலம்) அரைத் தானியங்கி ரைஃபிள். தோட்டா 12.7×99 மிமீ, மேகசினில் 10. நீளம் சுமார் 145 செமீ, எடை 14 கிலோவை ஒட்டி. படத்தில் அதன்மேல் ஒரு பெரிய குறிபார்க்கும் பெட்டியும் சில உறைகளும் ஏற்றியிருக்கிறார்கள். அவற்றை மனதில் கழித்துவிட்டுப் பாருங்கள். நீண்ட செவ்வக உடல், கைப்பிடிக்கு முன்னால் அகலமான பெட்டி மேகசின், வெறுமையாக நீளும் குழல். இந்த மூன்றும் சேர்ந்து 1986-இல் வேறொரு தோள் ஆயுதத்தில் கிடையாது. சுடும்போது குழலே உள்வாங்கித் திரும்பும், ஏனென்றால் இது குழலின் பின்னுதைப்பால் இயங்குகிற வகை. மருந்து எரிந்த வாயுவால் இயங்கும் ரைஃபிளில் குழல் அசையாது.

20 மிமீ பீரங்கி என்று சிலர் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்த வெடிப்புகளைப் பார்த்து வந்த ஊகம் அது. கடைமுகப்பும் காரும் தீப்பிழம்பாவது முன்கூட்டியே பொருத்திய வெடிமருந்தின் வேலை. சாதாரண .50 தோட்டா காரின் எஞ்சினைத் துளைக்கும், அந்த மாதிரி பந்தாக எரிய வைக்காது. ரோபோகாப்பின் போலீஸ் கூட்டாளி லூயிஸ், கும்பலைச் சேர்ந்த லியானை வீழ்த்துவதும், முடிவில் ரோபோகாப் ஈடி-209-ஐச் சிதறடிப்பதும் இதே ஆயுதத்தால்தான், தனித்தனியாகப் பதிய வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. இன்று பேரட்டைப் பார்த்தால் சிறுவனும் பெயர் சொல்வான், வீடியோ கேம் புண்ணியத்தில். 1987-இல் திரையரங்கில் உட்கார்ந்தவருக்கு அது முற்றிலும் புதிது. ஸ்வீடன் ராணுவம் 100 வாங்கியது 1989-இல். அமெரிக்க மரைன் படை கணிசமாக வாங்கியது 1990-இல், வளைகுடாப் போரை ஒட்டி. படம் எடுத்தபோது அது ஒரு சிறு நிறுவனத்தின் அதிகம் விற்காத பொருள். எதிர்கால ஆயுதம் என்று காட்டப் புதிதாக எதுவும் கற்பனை செய்யத் தேவைப்படவில்லை. அப்போதுதான் சந்தைக்கு வந்ததை எடுத்து, மேலே ஒரு பெட்டி மாட்டினார்கள்.

படம் முழுக்க இந்த வழிதான். போலீஸ் கார் 1986 ஃபோர்டு டாரஸ், அந்த ஆண்டுதான் வந்த மாடல், மங்கிய கறுப்புப் பூச்சோடு. டெசர்ட் ஈகிளும் அப்போது கடைக்குப் புதிது. 93ஆர் அமெரிக்கப் பொதுமக்கள் கையில் வாங்க முடியாத தானியங்கி வகை. இந்தப் படத்தின் நையாண்டி, விற்பனையைப் பற்றியது. அணுகுண்டுப் போரைக் குடும்ப விளையாட்டாக விற்கும் விளம்பரம் படத்துக்குள்ளேயே ஓடுகிறது. போலீசை ஒரு கம்பெனி நடத்துகிறது. ஆளைக் கொல்லும் இயந்திரத்தை உதிரிபாக ஒப்பந்தத்துக்காக விற்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் லேசர் துப்பாக்கி வைத்திருந்தால் எல்லாம் வெகுதூரக் கதையாகியிருக்கும். அட்டவணையில் விலையோடு இருக்கும் பொருளை வைத்ததால்தான் உறைக்கிறது. அதனால் இந்தப் படத்தில் ஏதாவது ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால், 1984-க்கும் 1986-க்கும் நடுவே புதிதாக விற்பனைக்கு வந்தவற்றில் தேடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஸ்லைடும் சுத்தியும்

கின்னியின் பிஸ்டல் விடுபட்டுவிட்டது. அதுதான் டெசர்ட் ஈகிள். கதாநாயகனுக்குச் சிறியதாகிப்போனது, சாதாரண மனிதர் கையில் மிரட்டலாகத் தெரிகிறது பாருங்கள். குழலின் குறுக்குவெட்டு மேலே குறுகிக் கீழே அகன்ற முக்கோணம். குழல் ஸ்லைடுக்குள் மறையாமல் முன்பாதி முழுக்க வெளியே, அசையாமல் நிற்கும். பின்பாதி மட்டும்தான் ஸ்லைடு. இது பல ரைஃபிள்களைப் போல மருந்து எரிந்த வாயுவால் இயங்குவது, குழலுக்கு அடியில் வாயுக்குழாய் ஓடும், அதனால்தான் அவ்வளவு பருமன்.

பட்டியலில் .50 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், இணையத்தில் பல இடங்களில் அப்படி இருக்கிறது. .50 வடிவம் வெளிவந்தது 1991-இல். படம் வந்தபோது .357 மேக்னம், .44 மேக்னம் ஆகியவைதான். வருடத்தை வைத்துக் காலிபரைக் கழித்துக்கட்டுவது எந்தப் படத்துக்கும் உதவும் சோதனை.

ரீல்பெட்டி

குறித்துக்கொண்டேன். ஆட்டோ 9-இன் மொத்த நீளத்தைப் படத்திலிருந்தே அளந்து போடலாமா?

இருபத்துநாலு ஃபிரேம்

போடலாம், ஆனால் முழுப் பக்கவாட்டு ஷாட் மட்டும். துப்பாக்கி கேமராவை நோக்கிப் பத்து பதினைந்து டிகிரி திரும்பியிருந்தாலும் முன்பகுதி நீண்டோ சுருங்கியோ காட்டும். அகலக் கோண லென்ஸில் நெருங்கி எடுத்த ஷாட் என்றால் முன்னால் வரும் பாகம் தேவைக்கு மேல் பெருக்கும். ட்ரிக்கர் வளையத்தின் ஒருபக்கம் மட்டும் தெரிந்து உட்புறச் சுவர் தெரியவே இல்லையென்றால் பக்கவாட்டு சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றம் செய்யாத 93ஆர்-இன் நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுங்கள். அதன் முழு நீளம் 240 மிமீ. படத்தில் அது 1,200 பிக்சல் வந்தால் ஒரு மிமீ-க்கு 5 பிக்சல். அதே படத்தில் ஸ்லைடின் பின்முனையிலிருந்து ட்ரிக்கர் வளையத்தின் முன்முனை வரை எத்தனை மிமீ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துண்டை ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்டோ 9-இலும் இது மாறவில்லை, இரண்டு முனையும் வெளியே தெரியும். பிறகு திரைப்பட ஃபிரேமில் அதே துண்டை பிக்சலில் அளந்து அளவுகோலாக்கி, முழு நீளத்துக்குப் பெருக்குங்கள். கைப்பிடியை அளவுகோலாக எடுக்க வேண்டாம், அதைத் தடிமனாக்கியிருக்கிறார்கள். குறைந்தது நான்கைந்து ஃபிரேமில் அளந்து, தனியாக விலகி நிற்கும் எண்ணை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். அசைவில் மங்கிய ஃபிரேமில் முனை எங்கே என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

ரீல்பெட்டி

கடைசியாக ஈடி-209-இன் கைத்துப்பாக்கிகள். அவற்றுக்கும் நிஜப் பெயர் ஏதாவது எழுத வேண்டுமா?

வெற்றுத்தோட்டா

வேண்டாம். நடக்கும் ஈடி-209 ஃபில் டிப்பெட் குழுவினர் சிறு மாதிரியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எடுத்தது. கின்னி காட்சியில் நடிகர்களோடு நிற்பது முழு அளவு மாதிரி. அதன் கைகளை அந்த இயந்திரத்தின் பாகமாகப் பதிந்தால் போதும். ஆனால் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அமெரிக்கத் தணிக்கை முதலில் வயதுவந்தோருக்கு மட்டுமான எக்ஸ் சான்று கொடுத்ததால் கின்னி சுடப்படும் இடத்தை வெட்டிச் சுருக்கித்தான் 1987-இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த இயக்குநர் பிரதியில் அது நீளமாக இருக்கிறது. இரண்டையும் கலந்து வெடிப்புகளை எண்ணினால் கணக்கு ஒட்டாது.

ரீல்பெட்டி

என்னிடம் இருப்பது இயக்குநர் பிரதி. பட்டியலின் தலைப்பிலேயே அதை எழுதிவிடுகிறேன். ஆட்டோ 9-க்கு எதிரே பெரெட்டா 93ஆர், முன்நீட்சி, தடித்த கைப்பிடி, முன் மடக்குப் பிடி நீக்கம் என்று மாற்றிவிட்டேன். நாளை பயிற்சிக் கூடக் காட்சியில் ஐந்து ஃபிரேம் எடுத்து அளந்து, எண்களை இங்கேயே போடுகிறேன்.